‘டாக்டர்’ பட்டத்துக்காக நிலத்தை விற்காதீர்கள்

பெண்ணை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, போன வாரம் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. அப்பா, அம்மா, தாய்மாமா, பிளஸ் டூ முடித்த பெண். அப்பா மடியில் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தார். மதிப்பெண் பட்டியல் எடுப்பார் என்று பார்த்தால், அதோடு இரண்டு ஏக்கர் நிலத்தின் பத்திரமும் வெளியே வந்தது.

பெண்ணுக்கு விலங்குகள் என்றால் உயிர். அடிபட்ட நாய், கூட்டிலிருந்து விழுந்த காக்கைக் குஞ்சு எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். அதனால் கால்நடை மருத்துவம்தான் என்று மாமா முடிவு செய்திருக்கிறார். இங்கே கட் ஆஃப் எட்டவில்லை. வெளிமாநிலத் தனியார் கல்லூரி ஒன்றில் சீட் வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் 22 லட்சம் கேட்டிருக்கிறார். அம்மா கண் கலங்கியிருந்தார். “கவலைப்படாதீங்கம்மா, வழி இருக்கு” என்று ஆரம்பித்தேன். அதற்குள் மாமா, “பேருக்கு முன்னாடி டாக்டர்னு வந்துட்டா சம்பந்தமும் நல்ல இடத்துல அமையும் சார்” என்றார்.

அதன்பிறகு ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டேன். அங்கே சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் குடும்பம் மட்டும் இப்படி இல்லை.

முதலில் பணம். அந்த நிலத்தில் முருங்கை போட்டுத்தான் மூத்த மகனைப் படிக்க வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை. ஐந்தரை வருடப் படிப்பு. கட்டணம் போக விடுதி, சாப்பாடு, பயணம் என்று தனியாகப் போகும். நடுவில் பெண்ணுக்குப் பிடிக்காமல் போனால் திரும்பி வர நிலமும் இருக்காது. ஏஜென்டிடம் ரொக்கமாக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். கல்லூரிக்கு இந்திய கால்நடை மருத்துவ கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதைக்கூட இவர்கள் பார்த்திருக்கவில்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: மற்ற பிள்ளைக்கும் சேர்த்து இருக்கிற ஒரே சொத்தை ஒரு சீட்டுக்காக விற்கக் கூடாது.

அடுத்தது பெண். பெரியவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் பேசினேன். தெருவில் எத்தனை நாய் என்று கேட்டதற்குப் பதினொன்று என்றாள். எது மூத்தது, எது யாரோடு சேராது, எது பைக் சத்தத்துக்கு மட்டும் குரைக்கும் என்று கால் மணி நேரம் சொன்னாள். மருத்துவம் பற்றிக் கேட்டேன். “எனக்கு டாக்டராக வேண்டாம் சார், அதுங்களோட இருக்கணும்” என்றாள். வீட்டில் சொன்னாயா என்றேன். மூன்று தடவை சொல்லியிருக்கிறாள்.

கால்நடை மருத்துவம் நல்ல படிப்பு, ஆனால் அது நாய்க்குட்டிகளோடு கழிகிற வாழ்க்கை இல்லை. சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி முகாம், பிரேதப் பரிசோதனை, இறைச்சிப் பரிசோதனை எல்லாம் அதில் உண்டு. அதை விரும்பிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், மதிப்பெண்ணும் இருந்தால் தாராளமாகச் சேரட்டும். இந்தப் பெண் அதைக் கேட்கவில்லை.

அவளுக்கு நான் சொன்ன வழி தெருநாய் கருத்தடை மையம். மாமா எழுந்தே விட்டார். “நாய் பிடிக்கிற வேலைக்கா?”

அவர் மனதில் இருப்பது பழைய படம். கம்பிச் சுருக்கு, தடி, வண்டி. சென்னையில் 1990-களின் நடுப்பகுதி வரை தெருநாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1960-களிலிருந்தே கருத்தடைதான் தீர்வு என்று சொல்லிக்கொண்டிருந்தது, மாநகராட்சி அதை 1996-இல்தான் ஏற்றது. இன்று இது சட்டப்படி நடக்கிற வேலை. விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-இல் புதிதாக வந்தன. பொறுப்பு உள்ளாட்சிக்கு. செய்கிற அமைப்புக்கு இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களையெல்லாம் பிடித்து அடையுங்கள் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், இரண்டு வாரத்துக்குள் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அந்த உத்தரவில் வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. அதே ஆண்டு நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களையும் அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. சென்னையில் மட்டும் 2024 கணக்கெடுப்பில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். இவ்வளவுக்கும் அறுவை செய்கிற மருத்துவர் மட்டும் இருந்தால் போதுமா?

ஒரு நல்ல மையத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். விடியும் முன்பே வலையோடு வண்டி கிளம்பும். நாயை மிரட்டாமல் பிடிக்க அதன் வாலையும் காதையும் படிக்கத் தெரிய வேண்டும். பிடித்ததும் கழுத்தில் எண், பதிவேட்டில் தெரு, நேரம். இந்த ஒரு வரி தப்பினால் நாய் வேறு தெருவில் இறங்கும், அங்கே மற்ற நாய்கள் கடித்துக் குதறும். அறுவைக்கு முந்தைய இரவே தீனியை நிறுத்த வேண்டும். மயக்க மருந்துக்கு எடை துல்லியமாக வேண்டும். கெட்டமின் என்ற மயக்க மருந்து போட்ட நாய்க்குக் கண் மூடாது, காயாமல் மருந்து விட வேண்டும். மூச்சை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததும் காது நுனியில் சின்ன வெட்டு, வெறிநோய்த் தடுப்பூசி. மயக்கம் தெளிகிற நேரம்தான் ஆபத்து. உடல் குளிர்ந்துவிடும், போர்த்தி, கழுத்தை நீட்டிப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்புறம் சில நாள் தையலைப் பார்த்து, சாப்பிடுகிறதா என்று பார்த்து, பிடித்த அதே இடத்தில் விட வேண்டும். கத்தி பிடிப்பது, ஊசி போடுவது தவிர மற்ற எல்லாம் உதவியாளர்களின் கையில்தான். அவர்களில் கவனமானவர்கள் கூண்டுப் பகுதியின் மேற்பார்வைக்கும், கணக்கெடுப்புக்கும், பிறகு திட்டத்தை நடத்துகிற பொறுப்புக்கும் வருகிறார்கள். ஒரு பகுதியில் பத்துக்கு ஏழு நாய்க்குத் தடுப்பூசி சேர்ந்தால் வெறிநோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பார்கள். அந்த ஏழு நாயையும் எண்ணிச் சொல்ல, பதினொரு நாயையும் முகம் பார்த்து அடையாளம் சொல்கிற இந்தப் பெண்ணைப் போல ஆள் வேண்டும்.

படிப்பை விடச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து போய் வருகிற தூரத்தில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். விடுமுறைகளில் மையத்தில் வேலை பழகட்டும். ஊட்டியில் வேர்ல்டுவைட் வெட்னரி சர்வீஸ் அமைப்பின் பயிற்சி மையம் இருக்கிறது, மருத்துவர் அல்லாதவர்களுக்கு எப்போது என்ன பயிற்சி என்று நேரில் போய்க் கேளுங்கள். மூன்று வருடம் கழித்துக் காட்டுப்பக்கம் மனம் போனால் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசுக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் முதுகலை இருக்கிறது. சட்டத்தில் ஆர்வம் வந்தால் ஹைதராபாத் நல்சார் பல்கலைக்கழகம் விலங்குப் பாதுகாப்புச் சட்டங்களுக்கு ஒரு பட்டயப் படிப்பு நடத்துகிறது. எதற்கும் நிலம் விற்க வேண்டியதில்லை.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. ஆரம்பச் சம்பளம் குறைவு. முதல் வருடம் பெரும்பாலும் கூண்டு கழுவுவதுதான். காப்பாற்ற முடியாத நாயின் உயிர் கண் முன்னே போகும். நாய்க்குச் சோறு வைப்பவரும் திட்டுவார், நாய் வேண்டாம் என்பவரும் திட்டுவார். மருத்துவர் இல்லாத நேரத்தில் யாராவது ஊசி போடச் சொன்னால் முடியாது என்று சொல்லும் தைரியம் வேண்டும், அது அவள் வேலை அல்ல. எல்லா மையமும் நல்ல மையம் அல்ல. பதிவேட்டைக் காட்ட மறுத்தாலோ, கூண்டில் தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தாலோ, ஊழியர்களுக்குத் தடுப்பூசி போடாமல் வேலை வாங்கினாலோ அங்கே சேர்க்காதீர்கள்.

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பெண்ணைப் பார்த்து, “நீ எப்பம்மா சொன்ன?” என்று கேட்டார். மாமாவுக்குச் சம்மதமில்லை, பரவாயில்லை. விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. பத்திரத்தை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, அரசு மருத்துவமனையில் கேட்டு வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் தடுப்பூசித் தவணைகளை அவளுக்கு முடிக்கச் சொல்லியிருக்கிறேன். அது முடியாமல் எந்த மையத்து வாசலையும் மிதிக்கக் கூடாது. முடிந்த பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை அவளோடு அப்பாவும் போக வேண்டும், விடியற்காலை வண்டி கிளம்பும் நேரத்துக்கே.