செயற்கை நத்தார் மரம் வாங்குமுன்: கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, எங்கட தொடர்மாடி வீட்டில் கூரை 9 அடி உயரம். ஏழரை அடி மரம் வைக்கலாமோ?

பதில்: அளவுக்குச் சரி, வீட்டுக்குச் சரிவராது. உச்சியில் நட்சத்திரம் ஏறினால் எட்டடி தாண்டிவிடும். மின்விசிறி இதழ் அதற்கும் கீழேதான் சுற்றும். 6 அடி எடுங்கோ. விரிந்தால் அடிப்பக்கம் மூன்றரை முதல் நாலடி அகலம் பிடிக்கும். கடைக்குப் போகுமுன் அந்த அளவுக்குப் பழைய பேப்பரைத் தரையில் விரித்து, கதவு திறக்குதா, ஆள் நடக்க இடமிருக்கா என்று பாருங்கோ. இல்லையென்றால் ஒடுங்கின மரம். இரண்டடி அகலம் போதும்.

கேள்வி (தெஹிவளை): புறக்கோட்டையில் ஒரே உயரத்தில் இரண்டு மரம் பார்த்தேன். விலை ஒன்றுக்கு மற்றது மூன்று மடங்கு. ஏன்?

பதில்: இலையில்தான் வித்தியாசம். மலிவானது பிவிசி: மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கீறிக் கம்பியில் முறுக்கியது, தட்டையாக இருக்கும். விலை கூடினது பிஈ (பொலிஎதிலீன் பிளாஸ்டிக்): அச்சில் வார்த்தது, தொட்டால் உண்மையான ஊசியிலை போல. நடுவில் பிவிசி, நுனியில் பிஈ வைத்த கலப்பு மரம் வீட்டுக்குத் தாராளம். பெட்டியில் ‘டிப்ஸ்’ எண்ணிக்கை போட்டிருக்கும். அது கிளை நுனிகளின் தொகை. 6 அடிக்கு 800 அளவில் இருந்தால் அடர்த்தி நல்லது, 400 என்றால் நடுத்தண்டு தெரியும். பிவிசி லேசில் தீப்பிடிக்காது. பிஈ அப்படியல்ல, ஆகவே தீத்தடுப்புச் செய்தது என்ற குறிப்பு பெட்டியில் இருக்க வேணும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): மரத்தின் இரும்புக் கால் கறள் பிடித்து டைல்ஸில் கறை விழுந்திட்டுது. பிளாஸ்டிக் கால் நல்லதோ அண்ணா?

பதில்: 6 அடி மரத்துக்கு வேண்டாம். திருகாணி இறுக்கும் இடத்தில் வெடிக்கும், மரம் சரியும். கடல் காற்றில் உப்பு இருக்கிறதால் பூச்சு உரிந்த இடத்தில்தான் கறள் தொடங்கும்: திருகாணித் துளை, வெட்டின முனை, கிளை மடியும் கீல். வாங்கும்போது இந்த மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கோ. உங்கட காலை மணல் கடதாசியால் தேய்த்து, கறள் தடுப்புப் பிறைமரும் மேலே பெயின்ற்றும் அடித்து, நுனிகளுக்கு றப்பர் மூடி போடுங்கோ.

கேள்வி (பம்பலப்பிட்டி): பனி தூவின வெள்ளை மரம்?

பதில்: கொழும்பு ஈரப்பதனுக்கு அது மஞ்சளாகி உதிரும். பச்சையே எடுங்கோ.

கேள்வி (மட்டக்குளி): கனடாவிலிருந்து மாமி லைட் பூட்டின மரம் அனுப்பியிருக்கிறா. அப்படியே கொழுவலாமோ?

பதில்: முதலில் லைட்டின் மின் அடப்டரில் எழுதியிருக்கிறதை வாசியுங்கோ. 100–240 வோல்ற் என்றிருந்தால் பிளக்கை மாத்தினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால் எங்கட 230 வோல்ற்றில் எரிந்துபோகும், தீயும் பிடிக்கலாம். லைட்டைக் கழற்றிவிட்டு இங்கே வாங்கின எல்ஈடி சரத்தைச் சுற்றுங்கோ. இரண்டு முள் பிளக்குக்காக சுவர் சொக்கற்றின் மேல் துளைக்குள் பேனை மூடியைக் குத்துகிற பழக்கமும் வேண்டாம், பிளக் மாற்றும் அடப்டர் பெரிய செலவில்லை.

கேள்வி (வத்தளை): விரித்தாலும் மரம் மெலிவாய்த் தெரியுது. கழற்றினால் பெட்டிக்குள்ளும் அடங்குதில்லை.

பதில்: விரிப்பதைக் கீழ்க் கிளையில், தண்டுக்குக் கிட்ட இருக்கிற நுனியிலிருந்து தொடங்குங்கோ: ஒன்று இடம், ஒன்று வலம், ஒன்று மேலே. 6 அடிக்கு ஒரு மணித்தியாலம் போகும், அவசரப்பட்டால்தான் மெலிவு. கழற்றும்போது கிளைகளை மேல்நோக்கி மடித்துத் துணி நாடாவால் கட்டி, சிப் உள்ள பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கோ. பூச்சி உருண்டை போடாதேயுங்கோ, பொலிஸ்ரைறீன் பிளாஸ்டிக் சோடனை உருண்டைகளை அது இளக்கிவிடும். பையை அலுமாரிக்கு மேலே வையுங்கோ, தரையில் வைத்தால் கரப்பான் குடியேறும்.