மூங்கில் குருத்து சில குத்தில் மட்டும் ஏன் கசக்கிறது?

கேள்வி: ஐயா, வணக்கம். ஒடுகத்தூர் பக்கம் கழனி ஓரத்திலும் மேட்டுக் கொல்லையிலும் ஆஸ்பர் மூங்கில் வைத்து ஐந்து வருஷம் ஆகிறது. எல்லாம் ஒரே நர்சரியில் ஒரே நாளில் வாங்கிய செடிதான். வேலூரில் வடகிழக்கு மாநிலத்துக்காரர்கள் தங்கும் பகுதிகளில் குருத்து கொடுக்கிறேன். கழனி ஓரத்துக் குருத்தை விரும்பி வாங்குகிறவர்கள், மேட்டுக் கொல்லைக் குருத்தை மட்டும் கசப்பு, நார் என்று திருப்பிவிடுகிறார்கள். உரக்கடையில் யூரியா கூட்டிப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வணக்கம். யூரியா வேண்டாம், காரணம் கீழே சொல்கிறேன். செடி ஒன்றுதான் என்று நீங்களே சொல்லிவிட்டதால் ரகத்தின் மேல் பழி போட முடியாது. ஆஸ்பர் குருத்துக்கென்றே பேர்போன ரகம். குருத்து எந்த இடத்தில், எவ்வளவு இருட்டில், எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதில்தான் உங்கள் பிரச்சினை இருக்கிறது.

கசப்புக்கு முக்கியக் காரணம் டாக்சிபில்லின் என்ற பொருள். இளஞ்சோளம் மழையில்லாமல் வாடிக் கிடக்கும்போது அதில் மாட்டை மேய விடமாட்டீர்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதே சங்கதிதான் இதுவும். சோளத்தில் இருப்பது டுரின், மூங்கிலில் இருப்பது டாக்சிபில்லின், இரண்டும் ஒரே அணுக்களால் ஆன உடன்பிறப்புகள், அமைப்பில் ஒரு இடத்தில் மட்டும் இடம் வலமாகத் திரும்பியிருக்கும். நறுக்கும்போதோ மெல்லும்போதோ செல் உடைந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷம் வெளிவரும். குருத்தின் நுனியில்தான் இது அதிகம், அடியில் குறைவு. மண்ணுக்குள் இருக்கும்வரை குருத்து வெளுப்பாக, இளசாக இருக்கும். தலையை வெளியே நீட்டி வெயில் பட்டு மேலுறை பச்சையாகத் தொடங்கியதும் கசப்பும் ஏறும், அடிக்கணுவிலிருந்து நாரும் பிடிக்கும்.

இப்போது உங்கள் மேட்டுக் கொல்லையைப் போய்ப் பாருங்கள். குத்தாக, அதாவது ஒரே இடத்தில் கொத்தாக வளரும் மூங்கிலில், மண்ணடித் தண்டான கிழங்கு வருஷா வருஷம் மேலே ஏறிக்கொண்டே வரும், சரிவில் மழைத்தண்ணீர் செம்மண்ணை அரித்துக்கொண்டும் போயிருக்கும். கிழங்கு வெளியே தெரிகிறது என்றால், அதிலிருந்து கிளம்பும் குருத்து பிறந்த நாளிலேயே வெயிலைப் பார்க்கிறது. கழனி ஓரத்தில் வண்டல் சேர்கிறது, இலைச்சருகு தங்குகிறது, வரப்பின் ஈரம் காய்வதில்லை. நீங்கள் எதுவும் செய்யாமலே அங்கே குருத்துக்குப் போர்வை கிடைத்துவிட்டது.

ஆகவே மேட்டுக் கொல்லைக்கும் அதைச் செய்து கொடுங்கள். வைகாசிக்குள் குத்தைச் சுற்றிச் சுத்தம் செய்து, மூன்று வயது தாண்டிய முற்றிய கழிகளை எடுத்துவிடுங்கள், புதுக் குருத்து பெரும்பாலும் இளங்கழிகளின் கிழங்கிலிருந்துதான் வரும். மக்கிய எரு போட்டு, அதன்மேல் அரை அடிக்குக் குறையாமல் மண் அணைத்து, அதற்கும் மேல் ஒரு அடி கனத்துக்கு மூடாக்கு போடுங்கள். கரும்புத் தோகை, மல்லாட்டைத் தோல், ஆரணிப் பக்க மில் உமி, எது சுலபமாகக் கிடைக்கிறதோ அது. மூங்கில் சருகைக் கூட்டிக் கொளுத்தும் வேலை மட்டும் வேண்டாம். அதில் சிலிக்கா நிறைய இருக்கிறது, செடி எடுத்ததைச் செடிக்கே திருப்பிக் கொடுங்கள். காய்ந்த மூடாக்கில் கறையான் ஏறும், ஈரம் விடாமல் இருந்தால் அந்தத் தொல்லை குறையும்.

ஜப்பானில் கியோட்டோ பக்கம் குளிர்காலத்தில் தோப்பு முழுக்க வைக்கோல் பரப்பி அதன்மேல் புதுமண் போடுவார்கள். குருத்து வெளியே வருவதற்கு முன்னாலேயே தோண்டி எடுக்கிற அந்த வெள்ளைக் குருத்துக்குத் தனி விலை. சீனாவில் உமி மூடாக்கு போடுவது குளிரில் மண்ணைச் சூடாக்கி முன்கூட்டியே குருத்து வரவழைக்க. நமக்கு அந்தக் கணக்கே வேறு, மே மாதம் நாற்பது டிகிரி தாண்டுகிற ஊரில் மண்ணைக் குளிர்ச்சியாகவும் இருட்டாகவும் வைப்பதுதான் மூடாக்கின் வேலை.

அடுத்தது தண்ணீர். குருத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். ஈரம் போதவில்லை என்றால் அதே உயரத்தை எட்ட அதிக நாள் எடுக்கும், அதற்குள் நார் முற்றிவிடும். வைகாசியிலிருந்தே சொட்டு நீர் ஓடட்டும், ஆடி மழைக்குக் காத்திருந்தால் மேட்டு நிலம் தாங்காது. ஆனால் தண்ணீர் தேங்கவும் கூடாது, கிழங்கு அழுகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மூங்கில் இலை நுனி கருகிக் காட்டிக் கொடுக்கும், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட இடங்களில் நான் மூங்கிலையே சிபாரிசு செய்வதில்லை. உங்கள் பக்கம் அந்த அளவுக்கு இருக்காது என்றாலும் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு தடவை கேட்டுத் தண்ணீரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

யூரியா விஷயம். ஈரம் நன்றாக இருக்கும் நிலத்தில் தழைச்சத்து குருத்தின் எண்ணிக்கையைக் கூட்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் குறை எண்ணிக்கையில் இல்லையே. வறட்சியில் தழைச்சத்தை ஏற்றினால் சோளத்தில் நஞ்சு கூடும் என்பது தெரிந்த விஷயம். சோளத்துக்குச் சொந்தக்காரப் பயிரில் அந்த விஷப்பரீட்சை எதற்கு?

அறுவடையை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். மூடாக்கு லேசாகத் தூக்கியிருக்கும், மண் வெடித்திருக்கும், அங்கே மண்ணை விலக்கிக் கிழங்கோடு சேரும் கழுத்தில் வெட்டுங்கள், கிழங்கில் காயம் படக்கூடாது. வெளியே வந்துவிட்டதென்றால் ஒரு அடிக்கு மேல் விடாதீர்கள். வெட்டிய பிறகும் குருத்து முற்றிக்கொண்டேதான் இருக்கும், அதனால் உறையை உரிக்காமல் ஈரச் சாக்கில் சுற்றி அன்றைக்கே வேலூருக்கு அனுப்புங்கள். குத்துக்கு நாலைந்து நல்ல குருத்தைக் கழியாக வளர விட்டுவிட வேண்டும், எல்லாவற்றையும் விற்றால் இரண்டு வருஷத்தில் குத்து ஓய்ந்துவிடும்.

மணிப்பூர்க்காரர்களுக்குக் குருத்தை எப்படிப் பக்குவம் செய்வது என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை, புளிக்கவைத்து சோய்பம் செய்கிறவர்கள் அவர்கள். உள்ளூர்க்காரர்கள் யாராவது வாங்கினால் மட்டும் சொல்லி அனுப்புங்கள்: மெல்லிசாக நறுக்கி, மூடி போடாமல் நன்றாகக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு தண்ணீரிலும் வேகவைத்த பிறகே குழம்போ பொரியலோ. பச்சையாகச் சாப்பிடவே கூடாது.

இன்னொன்று, உங்கள் ஊர் காட்டை ஒட்டியது. மூடாக்குக்குள் இளங்குருத்து இருப்பதைக் காட்டுப்பன்றி உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும், ஆகவே குருத்து வரும் மாதங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது எல்லாக் குத்தையும் சுற்றிப் பாருங்கள்.