அழுத்த வேண்டாம், சாய்ந்தால் போதும்: மயோஃபேசியல் ரிலீஸ் கேள்வி பதில்

தசையும் அதைச் சுற்றிய சவ்வும் இறுகி வலிப்பவர்களுக்கு மெதுவான அழுத்தத்தால் தரும் மயோஃபேசியல் ரிலீஸ் சிகிச்சையைக் கையால் செய்யத் தொடங்கிப் 16 வருடம் ஆகிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள், வரலாமா என்று யோசிப்பவர்கள், மேசையில் படுத்துப் பார்த்துவிட்டுச் சந்தேகத்தோடு எழுந்தவர்கள் எனப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஃபேசியா, ஃபேசியா என்கிறார்களே, அது என்ன மேடம்? சாதாரண மசாஜிலிருந்து இது எப்படி வேறு?

பதில்: இறைச்சியிலிருந்து தோலை உரிக்கும்போது நடுவில் மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று இழுபடுமே, அதுதான். தசையைச் சுற்றி, தசைக்குள்ளே இருக்கும் இழைக்கட்டுகளைச் சுற்றி, நரம்பு, எலும்பு, உள்ளுறுப்பு என்று எல்லாவற்றையும் சுற்றி ஒரே தொடர்ச்சியாக ஓடுகிறது. பெரும்பகுதி கொலாஜன் நார். அடுக்குகளுக்கு நடுவே ஹயலுரோனன் என்ற வழவழப்பான பொருள் இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர முடிகிறது. மசாஜில் கை ஓடிக்கொண்டே இருக்கும். இதில் ஓரிடத்தில் தங்கும். மற்ற வித்தியாசமெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

கேள்வி: எண்ணெய் போட்டுச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். எண்ணெய் போட்டால் கை தோல்மேல் வழுக்கிப் போய்விடும், அடியில் இருக்கும் அடுக்கைப் பிடிக்காது. தோல் மிகவும் வறண்டிருந்தால் துளி க்ரீம் தடவிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: பயிற்சி முடித்து ஆறு மாதம் ஆகிறது அக்கா. எவ்வளவு அழுத்துவது, எவ்வளவு நேரம் வைப்பது என்பதே இன்னும் பிடிபடவில்லை.

பதில்: தம்பி, ஆறு மாதத்தில் எனக்கும் பிடிபடவில்லை. இடுப்புக்கு மேலே முதுகில் உள்ளங்கையை வை. தள்ளாதே. பின்காலில் இருக்கும் உடல் எடையைக் கொஞ்சம் முன்காலுக்கு மாற்று, கை தானாக இறங்கும். முதலில் தோல், அப்புறம் மெத்தென்ற ஒரு அடுக்கு, அதற்கும் கீழே 'இதுக்கு மேல வராதே' என்பதுபோல ஒரு தடை தட்டுப்படும். அங்கே நின்றுவிடு. அந்தத் தடையைத் தாண்டுவது நம் வேலை இல்லை. அந்த ஆழத்திலேயே கையைப் பக்கவாட்டில் லேசாக இழுத்துப் பார். ஒரு திசையில் சுலபமாக வரும், இன்னொரு திசையில் பிடித்துக்கொள்ளும். பிடிக்கிற திசையில் சாய்ந்து காத்திரு.

எவ்வளவு நேரம்? குறைந்தது ஒன்றரை நிமிடம். மூன்று, சில இடத்தில் ஐந்து நிமிடம்கூட ஆகும். முதல் ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்காது. அந்த நேரத்தில்தான் புதியவர்கள் பொறுமை இழந்து இன்னும் அழுத்துவார்கள், அடியில் தசை உடனே இறுகும். சும்மா இருந்தால் கொஞ்ச நேரத்தில் கைக்கடியில் சூடு தெரியும், மெல்ல இளகும், படுத்திருப்பவர் நீளமாக ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சு வந்துவிட்டால் நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

கேள்வி: கைச் சூட்டில் ஃபேசியா உருகும், ஒட்டிக்கொண்ட இடங்களை நாம் உடைக்கிறோம் என்று வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: நானும் அப்படித்தான் படித்தேன், பல வருடம் வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். இப்போது சொல்வதில்லை.

இந்தக் கருத்துக்கு வேர், ரோல்ஃபிங் என்ற கைச்சிகிச்சையை உருவாக்கிய ஐடா ரோல்ஃப். 1896இல் பிறந்தவர், உயிர்வேதியியல் படித்தவர். அழுத்தமும் சூடும் பட்டால் ஃபேசியா கெட்டியான கூழ் நிலையிலிருந்து இளகிய நிலைக்கு மாறும் என்றார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 2008இல் வெளியான ஒரு ஆய்வு, சவ்வின் வடிவத்தை மாற்ற எவ்வளவு விசை வேண்டும் என்று கணித மாதிரி வைத்துப் பார்த்தது. தொடையின் வெளிப்பக்கச் சவ்வு, உள்ளங்கால் சவ்வு போன்ற தடித்தவற்றை 1 சதவீதம் மாற்றவே மனிதக் கையால் தர முடியாத அளவு விசை தேவை என்று வந்தது. மூக்கின் மேல் இருப்பதுபோன்ற மெல்லிய சவ்வு மட்டும்தான் விதிவிலக்கு.

அப்படியானால் கைக்கடியில் இளகுவது என்ன? பெரும்பங்கு நரம்பு மண்டலத்தின் வேலை என்றுதான் நான் நினைக்கிறேன். ஃபேசியாவில் உணர்முனைகள் ஏராளம். அதில் ரஃபினி என்ற வகை, மெதுவாகப் பக்கவாட்டில் இழுக்கும் அழுத்தத்தை உணர்வது. அந்தச் சேதி போய்ச் சேர்ந்ததும் தசையின் இறுக்கம் தளர்கிறது, வலி குறைகிறது. அடுக்குகளுக்கு நடுவே வழுக்கல் கூடுவதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். இடுப்பு வலிக்கு இது ஓரளவு உதவுவதாக ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் பலவும் சின்ன ஆய்வுகள். 'உங்கள் முதுகில் முடிச்சை உடைத்துவிட்டேன்' என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். தன் முதுகில் ஏதோ உடைந்து கிடந்தது என்ற பயத்தோடு அவர் வீட்டுக்குப் போவார்.

கேள்வி: 'இன்னும் பலமா, இன்னும் பலமா' என்று கேட்கிறார்கள். ரத்தம் கன்றினால்தான் நன்றாகச் செய்ததாக நம்புகிறார்கள்.

பதில்: கன்றிப்போனால் சின்ன ரத்தக்குழாய்கள் உடைந்திருக்கின்றன, அவ்வளவுதான். வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஐந்தைத் தாண்டினால் குறைத்துவிடுவேன். வாய் 'பரவாயில்லை' என்று சொன்னாலும், கால் விரல்கள் சுருண்டு மூச்சு நின்றிருந்தால் நான் காலைத்தான் நம்புவேன்.

கேள்வி: கட்டைவிரல் அடியில் தீராத வலி. தொழிலையே விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

பதில்: தொழிலை விட வேண்டாம், கட்டைவிரலை விடுங்கள். மூன்றாவது வருடம் எனக்கும் வந்தது. காலையில் பாட்டில் மூடியைத் திறக்க முடியாது. கட்டைவிரலின் அடி மூட்டு பிடிப்பதற்கு உருவானது, நாள் முழுக்க உடல் எடையைத் தாங்குவதற்கு இல்லை. அகலமான இடங்களுக்கு முன்கையைப் பயன்படுத்துங்கள், முதுகெலும்பின் ஓரத்துக்கு லேசாக மூடிய கைமுட்டி. முழங்கை முனையை அபூர்வமாக மட்டும்.

அப்புறம் மேசையின் உயரம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மூடிய விரல்முட்டி மேசைப் பரப்பைத் தொட வேண்டும். அதற்கு மேல் உயரமாக இருந்தால் எடையைச் சாய்க்க முடியாமல் தோளால் தள்ளுவீர்கள். பலருக்கு மேசையை இறக்கியதுமே பாதி வலி போய்விடுகிறது. ஒரு மாதத்திலும் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஒருவர் நடுவில் திடீரென்று அழுதுவிட்டார். எனக்குக் கைகால் ஓடவில்லை.

பதில்: நடக்கும். கையை வெடுக்கென்று எடுக்காதீர்கள். 'நிறுத்தவா, தொடரவா?' என்று கேளுங்கள், டிஷ்யூவை நகர்த்தி வையுங்கள். காரணத்தைத் தோண்டாதீர்கள், 'பழைய துக்கம் வெளியே வருகிறது' என்று விளக்கமும் சொல்லாதீர்கள். நாம் மனநல ஆலோசகர்கள் இல்லை.

கேள்வி: யாருக்குச் செய்யக் கூடாது?

பதில்: காய்ச்சல், ஆறாத காயம், புது எலும்பு முறிவு, தோல் தொற்று இருந்தால் அன்று வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், வெகுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் என்றால் அவர்களுடைய மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். யாராக இருந்தாலும் கழுத்தின் முன்பக்கம் ஆழமாகப் போகாதீர்கள், அங்கே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் இருக்கிறது.

ஒருமுறை நீண்ட பயணம் முடித்து வந்த ஒருவர் 'கெண்டைக்கால் பிடித்திருக்கிறது, இறக்கிவிடுங்கள்' என்றார். ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. நான் தொடாமல் நேராக மருத்துவமனைக்கு அனுப்பினேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டுதான் போனார். காலின் ஆழத்தில் இருக்கும் சிரையில் ரத்தக்கட்டி இருந்தது. அதை அழுத்தி, அது கிளம்பி நுரையீரலுக்குப் போயிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டுப்படவில்லை, தொடை இடுக்கில் மரத்துப்போகிறது என்று சொன்னாலும் அப்படித்தான், உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி: முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடித்தால் நச்சு வெளியேறுமாமே?

பதில்: தாகம் எடுத்தால் குடிக்கட்டும். நச்சை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. என் முன்கைக்கு அந்த வேலை தெரியாது.

கேள்வி: ஓடுகிறவன் நான். தொடை வெளிப்பக்கத்தைத் தினமும் ஃபோம் ரோலரில் உருட்டுகிறேன், உயிர் போகிறது. தொடரலாமா?

பதில்: தொடை வெளிப்பக்கத்தில் ஓடும் அந்தச் சவ்வுப் பட்டை உடம்பின் மிகக் கெட்டியான சவ்வுகளில் ஒன்று. உருட்டி நீட்டிவிட முடியாது. அதை மேலிருந்து இழுப்பவை புட்டத்துத் தசையும் இடுப்பின் முன்பக்க ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னத் தசையும். அங்கே மெதுவாகச் செய்யுங்கள், கூடவே இடுப்புத் தசைக்கு வலு கூட்டும் பயிற்சி. ரோலரால் கிடைக்கும் இலகு சில நிமிடங்களில் குறைந்துவிடும். ஓடுவதற்குச் சற்று முன்பு செய்தால் பிரயோஜனம்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கலாம்?

பதில்: நான் நான்கு பேர், நடுவில் இருபது நிமிட இடைவெளி. ஐந்தாவது ஆளுக்கு உட்கார்ந்தால் கைக்கு ஒன்றும் தெரிவதில்லை, சும்மா அழுத்திக்கொண்டிருப்பேன். இரண்டாவது ஆள் போனதும் கட்டாயம் சாப்பிட்டுவிடுவேன். அறை அவ்வளவு அமைதி, என் வயிறு கத்துவது படுத்திருப்பவருக்குக் கேட்டுவிடும்.