பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா: ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்

ஜப்பானிய ரேஞ்ச்ஃபைண்டர்கள் (ஃபைண்டரில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் ஃபிலிம் கேமராக்கள்) பற்றி வந்த கேள்விகளில் பாதி, "கேமரா செத்துவிட்டதா?" என்பதுதான். முதலில் அவை.

அண்ணா, தாத்தாவின் கேனானெட் கியூஎல்17 ஜி3 கிடைத்தது. ஃபிலிமை நகர்த்தும் லீவர் சுற்றுகிறது, பட்டன் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்துவிடவா?

பொறுங்கள் தம்பி. அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) வளையம் 'ஏ' எழுத்தில், அதாவது ஆட்டோவில், நிற்கிறதா பாருங்கள். ஆட்டோவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் அளவுக்குள் வராவிட்டால் பட்டனைப் பூட்டிவிடுவது அதன் சுபாவம். பேட்டரி இல்லையென்றால் முள் எழவே எழாது. வளையத்தை 8-க்குத் திருப்பி அழுத்துங்கள், அடித்துவிடும். பேட்டரி இல்லாமலே எல்லா வேகத்திலும் கையால் வைத்து எடுக்கலாம்.

எனக்கு 'க்ளிக்' சத்தம் வருகிறது, ஆனால் ஷட்டர் இதழ்கள் அசையவில்லை. லைட்டர் திரவம் ஒரு சொட்டு விட்டால் போதும் என்கிறார்களே?

ஒரு சொட்டு விட்டால் அன்றைக்கு ஓடும், மறுநாள் ஒட்டிக்கொள்ளும். கரைந்த எண்ணெய் எங்கேயும் போகாமல் இதழ்களுக்கு நடுவிலேயே பரவிக் காய்வதுதான் காரணம். முன் லென்ஸைக் கழற்றி, திரவம் தொட்ட பஞ்சால் துடைத்து, ஷட்டரை அடித்து, மறுபடி துடைத்து, பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை செய்ய வேண்டும். இதழ்களுக்கு எண்ணெய் போடவே கூடாது. டபிள்யூடி-40 டப்பாவைத் தூரமாக வையுங்கள்.

மெர்குரி பேட்டரி கிடைப்பதில்லை. அதே அளவு ஆல்கலைன் போட்டால் என்ன?

படம் வரும், ஆனால் மீட்டர் பொய் சொல்லும். பழைய 625 மெர்குரி 1.35 வோல்ட், தீரும்வரை அநேகமாக அதே அளவில் நிற்கும். ஆல்கலைன் 1.5-இல் தொடங்கி மெல்ல மெல்ல இறங்கும். வோல்ட் கூடினால் வெளிச்சம் அதிகம் என்று மீட்டர் நினைத்துக்கொள்ளும், படம் இருட்டடிக்கும். ஏஎஸ்ஏவை (ஃபிலிமின் வேக எண்) மாற்றிச் சமாளிக்கலாம் என்றால், இன்றைக்குச் சரியாக இருக்கும் கணக்கு அடுத்த மாதம் இருக்காது.

நான் போடுவது காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர். சுமார் 1.4 வோல்ட். ஸ்டிக்கரை உரித்ததும் துளை வழியாகக் காற்று போய் வேலையைத் தொடங்கும்; அப்புறம் சில வாரங்கள்தான் ஆயுள். குறுக்களவில் சின்னது, அதனால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வேண்டும். காற்றுத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

யாஷிகா எலக்ட்ரோ 35 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதன் 5.6 வோல்ட் மெர்குரிக்குப் பதில் 6 வோல்ட் 4எல்ஆர்44 போட்டு, மிச்ச இடத்துக்கு ஒரு ஸ்பிரிங் வைத்தால் போதும், மீட்டர் ஏமாறாது. ஆனால் பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் வேகம் எப்போதும் 1/500 வினாடிதான்.

எலக்ட்ரோவில் லீவரை இழுக்கும்போது 'டொக்' என்று சத்தம் வர வேண்டுமாமே? என்னுடையதில் இல்லை.

உள்ளே சின்ன ரப்பர் பட்டை ஒன்று பொடிந்திருக்கும். இதற்காகவே பல எலக்ட்ரோக்கள் மூலையில் கிடக்கின்றன. சரிசெய்யலாம், ஆனால் முதல் முதலாகக் கேமரா திறப்பவருக்கான வேலை இல்லை.

சார், ஃபைண்டரில் நடுவில் தெரியும் மஞ்சள் கட்டம் மங்கல். கண்ணாடியைத் துடைக்கலாமா?

என் முதல் கேமராவில் நான் செய்ததைச் சொல்கிறேன். மேல்மூடியைத் திறந்தேன், சாய்வாக நின்ற கண்ணாடியில் தூசி. காது குச்சியை ஆல்கஹாலில் நனைத்து ஒரே ஒரு இழுப்பு. குச்சி நுனியில் பொன்னிறமாக ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று சந்தோஷப்பட்டேன். ஒளியைப் பாதி மட்டும் பிரதிபலிக்கும் கண்ணாடிப் பூச்சு அது! ஃபைண்டர் பளிச்சென்று ஆனது, இரண்டாவது பிம்பம் அதோடு போனது. அந்தக் கண்ணாடியில் ஊதுபந்து தவிர எதையும் வைக்காதீர்கள். மற்ற ஜன்னல் கண்ணாடிகளைத் துடைக்கலாம். மங்கல் மிச்சமிருந்தால், ஃபைண்டரின் முன்பக்கக் கண்ணாடி நடுவே துளியூண்டு கறுப்பு டேப் ஒட்டிப் பாருங்கள். கட்டம் எடுப்பாகத் தெரியும்.

ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று ஃபிலிம் வீணாக்காமல் பார்க்க முடியுமா?

முடியும். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் மங்கலான ஒட்டு டேப்பை விறைப்பாக ஒட்டுங்கள். வேகம் 'பி' (பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்), அப்பர்ச்சர் முழுத் திறப்பு, கேமரா ஸ்டாண்டில். தூரத்துக் கோபுரத்தில் இரண்டு பிம்பமும் சேரும்போது டேப்பில் விழும் தலைகீழ்ப் படமும் கூர்மையாக இருக்க வேண்டும். நிலாவும் நல்ல இலக்குதான்.

ஸ்க்ரூவின் தலை வழுக்கிப் போகிறது.

ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) ஸ்க்ரூ டிரைவர் முனை வாங்குங்கள். ஜப்பானிய ஸ்க்ரூவில் சாதாரண ஃபிலிப்ஸ் முழுதாக உட்காராது.

படத்தின் ஓரத்தில் ஆரஞ்சுக் கீற்று?

பின்கதவில் வெளிச்சம் புகாமல் அடைக்கும் ஃபோம் கரைந்துவிட்டது. ஐசோபுரோப்பில் ஆல்கஹால், பல்குத்தும் குச்சி, பொறுமை. சுரண்டியது ஷட்டர் பக்கம் விழாமல் கேமராவைக் கவிழ்த்துப் பிடியுங்கள்.

அண்ணா, எலக்ட்ரோவில் ஒரு முழு ரோல். ஒன்றும் விழவில்லை. ரீவைண்ட் குமிழ் சுற்றியதைப் பார்த்தேன், ஃபிலிம் ஓடியிருக்கிறது.

லென்ஸ் மூடியைக் கழற்றினீர்களா? கேனானெட்டில் மீட்டரின் கண் லென்ஸ் வளையத்துக்குள். மூடியிருந்தால் ஆட்டோவில் அடிக்காது. எலக்ட்ரோவுக்குக் கண் மேலே, ஃபைண்டர் பக்கத்தில். மூடி இருப்பது அதற்கும் தெரியாது, ஃபைண்டரில் பார்க்கும் நமக்கும் தெரியாது. எனக்கு இரண்டு ரோல் போயிருக்கிறது.