வழியறியும் மூளைச் செல்களுக்கு மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும்?

மூளையில் நினைவுக்கும் வழியறியவும் உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் உள்ள இடச் செல் ஒவ்வொன்றும், நாம் அதற்குரிய இடத்துக்கு வந்தால் துடிக்கும். பக்கத்தில் உள்ள என்டோரைனல் புறணி என்ற பகுதியின் கட்டச் செல்களோ, இடுக்குப்புள்ளிக் கோலம் மாதிரி தரையெங்கும் முக்கோண வரிசையில் துடிக்கும்.

மூளைக்குள் மின்சாரம் செலுத்தும் மின்முனைக்கு இந்த நுணுக்கம் தெரியாது. சுற்றியுள்ள செல், நரம்பிழை எல்லாவற்றையும் ஒருசேரக் கிளப்பிவிடும். இருவர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் தவில் அடிப்பது போல. அளவு மீறினால் வலிப்பே வரலாம்.

அதனால் எங்கே தட்டுகிறோம் என்பது முக்கியம். 2012இல் வெளியான கலிபோர்னிய ஆய்வில், வலிப்புச் சிகிச்சைக்காக மின்முனை பொருத்தியிருந்தவர்கள் கணினியில் டாக்சி ஓட்டிக் கடைகளைத் தேடினார்கள். வழி பழகும்போது, ஹிப்போகாம்பஸுக்கு வாசலான என்டோரைனலில் 50 ஹெர்ட்ஸ் மின்துடிப்பு கொடுத்துப் பழகிய கடைகளுக்கு, பின்னர் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தார்கள். ஹிப்போகாம்பஸிலேயே கொடுத்தபோது பலனில்லை.

மின்சாரம் மூளைக்குள் வரைபடத்தை ஏற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2016இல் வந்த இன்னொரு ஆய்வில், இதே பகுதிகளைத் தூண்டியபோது நினைவு மங்கத்தான் செய்தது.