அடியில் நிற்கும் வாத்தியம்

அன்புள்ள ஐயா,

சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ உம்' ஜாஸ் தொகுப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இருமுறை கேட்டேன். அவர் டபுள் பாஸ் என்னும், கீழ்ச்சுரங்களில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியத்தை வாசிப்பவர் என்கிறீர்கள். என் காதில் விழுவதெல்லாம் சாக்சபோன்தான். தனி ஆவர்த்தனம் போல அவர் நின்று வாசிக்கும் இடங்கள் மிகக் குறைவு. இதை எப்படி அவருடைய தொகுப்பு என்பது?

ர.

அன்புள்ள ர. அவர்களுக்கு,

நீங்கள் கேட்டது சரிதான். 1959 மே மாதம் 5, 12 ஆகிய இரண்டு நாட்களில் நியூயார்க்கில் பதிவான இந்தத் தொகுப்பில் மிங்கஸ் தம் வாத்தியத்தை முன்னே கொண்டுவந்து நிறுத்தவில்லை. அவர் இதில் முதலில் இசையமைப்பாளர். தாம் அமைத்ததை உள்ளிருந்தே நடத்திச் செல்லும் இடமாகத்தான் பாஸை வைத்துக்கொள்கிறார்.

முதல் உருப்படியான 'பெட்டர் கிட் இட் இன் யுவர் சோல்' பாஸின் தனிக்குரலில்தான் தொடங்குகிறது. சிறுவயதில் அவர் தேவாலயத்தில் கேட்ட வழிபாட்டின் கூவலும் கைதட்டலும் அதில் நிறைந்திருக்கின்றன. வாசிப்பின் நடுவே அவரே குரல் கொடுப்பதும் கேட்கும். புக்கர் எர்வினின் டெனர் சாக்சபோன் உக்கிரம் கொள்ளும் கட்டத்தில் மிங்கஸின் பாஸ் உட்பட மற்றவர்கள் விலகிவிட, டேனி ரிச்மண்டின் டிரம்ஸும் கைதட்டல்களும் மட்டுமே அவருக்குத் துணை நிற்கின்றன. அந்த இடத்தைத் திரும்பக் கேளுங்கள். காலடியில் இருந்த தரை சட்டென்று இல்லாமல் போவதுபோல் இருக்கும். அதுவரை தாங்கிக்கொண்டிருந்தது எது என்பது அது நின்றபிறகே தெரிகிறது. எங்கே வாசிக்கக் கூடாது என்று முடிவு செய்வதும் இசையமைப்புதான்.

'குட்பை போர்க் பை ஹேட்' அவ்வாண்டு மார்ச் 15 அன்று மறைந்த சாக்சபோன் கலைஞர் லெஸ்டர் யங்குக்கான அஞ்சலி; அவர் வழக்கமாக அணிந்த தொப்பியே அதன் பெயராயிற்று. ஜான் ஹேண்டியின் சாக்சபோன் வாசிப்பு ஓரிடத்தில் தொண்டை அடைத்ததுபோல் நடுங்குவதில்தான் நம் மனம் முதலில் போய் நிற்கும். அமைப்பு பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்றுகள், கொண்ட ப்ளூஸ் வடிவம்தான் என்றாலும், வழக்கமான ப்ளூஸில் மூன்று நான்கு கார்டுகளோடு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களோடு) நின்றுவிடும் பயணத்தை மிங்கஸ் அடிக்கடி திசைமாற்றிக்கொண்டே போகிறார். மெட்டில் ஒரே சுரம் மீண்டும் வரும்போதும் அதன் நிறம் மாறித் தெரிவதற்கு, கீழே நகர்ந்துகொண்டிருக்கும் பாஸின் அடிச்சுரங்களே காரணம். நான் பல ஆண்டுகள் மெட்டை மட்டுமே கேட்டு அழுதிருக்கிறேன். அந்தத் துயரம் எங்கிருந்து வருகிறது என்பது பிறகுதான் புரிந்தது.

தனிவாசிப்பே இல்லாத 'செல்ஃப் போர்ட்ரெய்ட் இன் த்ரீ கலர்ஸ்' என்ற உருப்படியையும் விட்டுவிடாதீர்கள். ஒரு மெட்டின்மீது அடுத்தடுத்து வேறு மெட்டுகளை ஏற்றி முழுவதும் எழுதி அமைத்த இசை அது.

பாஸையே அருகில் கேட்க வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு 1960இல் பதிவான 'சார்லஸ் மிங்கஸ் பிரசென்ட்ஸ் சார்லஸ் மிங்கஸ்' பொருந்தும். அதில் நான்கே பேர், பியானோ கிடையாது. லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பின மாணவர்கள் நுழைவதை 1957இல் தடுத்த அர்கன்சாஸ் ஆளுநர் ஃபாபஸைச் சாடும் இசை முந்தைய தொகுப்பில் சொற்களின்றி வந்தது; இதில் மிங்கஸும் ரிச்மண்டும் அதன் வரிகளை வாய்விட்டுப் பாடுகிறார்கள். 'வாட் லவ்' என்ற நீண்ட உருப்படியில் எரிக் டால்ஃபியின் பாஸ் கிளாரினெட் என்னும் ஊதுகுழலும் மிங்கஸின் பாஸும் தாளத்தை விட்டிறங்கி, சண்டையிடும் இரண்டு மனிதர்களைப்போலவே பேசிக்கொள்கின்றன. அங்கிருந்து தொடங்கிவிட்டு 'ஆ உம்' பக்கம் திரும்பி வாருங்கள்.

அன்புடன்.