குட்டிக் கைகளுக்கு ஒரு ஃபைல்: வாசகர் கேள்வி பதில்

மழலைகளுக்கான ஆக்டிவிட்டி பைண்டரை வீட்டிலேயே செய்வது பற்றிக் கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: வளையம் வைத்த ஒரு ஃபைலில் பொருத்துவது, கோப்பது, பிரித்து அடுக்குவது, அழித்து அழித்து வரைவது என்று பக்கத்துக்கு ஒரு வேலையாகச் சேர்த்து வைப்பதுதான் இந்த பைண்டர். சிலர் பிசி புக் என்கிறார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு மூன்றரை வயது. ஆசை ஆசையாக நாற்பது பக்கம் பிரின்ட் எடுத்து, லேமினேஷன் பண்ணி, வெல்க்ரோ ஒட்டிக் கொடுத்தேன். எல்லாத் துண்டையும் பிய்த்துத் தரையில் போட்டுவிட்டு ஓடிவிடுகிறான். பொறுமையே இல்லாத பிள்ளையா இவன்?

பதில்: இல்லவே இல்லை. பிய்ப்பதுதான் அந்த ஃபைலில் அவனுக்கு முதலில் புரிந்த வேலை, அதை அவன் ஒழுங்காகச் செய்திருக்கிறான். வெல்க்ரோவைப் பிரிக்கும்போது வரும் அந்தச் சத்தமும், விரல் நுனியில் தெரியும் இழுவையும் மூன்று வயதுக்குப் பெரிய விஷயம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிக்கும் பழக்கத்துக்கு அது நல்ல பயிற்சியும்கூட, பின்னாளில் பென்சில் பிடிக்கப் போவது அதே விரல்கள்தானே.

நாற்பது பக்கம்தான் இங்கே பிரச்சினை. முப்பத்தைந்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். மீதி ஐந்திலும் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வேலை இருக்கட்டும். நிறமும் எண்ணும் எழுத்தும் ஒரே பக்கத்தில் இருந்தால், பார்க்கிற நமக்கு அழகாக இருக்கும், குழந்தைக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

ஒரு பக்கம் எப்படி இருக்கலாம் என்று சொல்கிறேன். வெள்ளைத் தாளில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று வீடு, வீட்டுக்கு ஒரு கதவு, கதவுக்கு முன்னால் ஒரு வெல்க்ரோ பொட்டு. அதே மூன்று நிறத்தில் மூன்று கார், ஒவ்வொன்றும் அவன் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில். பின்னணியில் பூ, மேகம், பட்டாம்பூச்சி எதுவும் வேண்டாம். முதல் தடவை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல், மெதுவாக ஒரு காரை எடுத்து அதன் வீட்டில் நிறுத்துங்கள். இரண்டாவது காரை அவன் கையில் கொடுங்கள். மஞ்சள் காரைக் கொண்டுபோய் நீல வீட்டில் வைத்தால் உடனே "தப்பு, தப்பு" என்று கையைப் பிடிக்காதீர்கள். கடைசிக் காருக்கு மஞ்சள் வீடுதான் மிச்சம் இருக்கும்போது அவனே நிமிர்ந்து பார்ப்பான், பிறகு மாற்றுவான், இல்லையென்றால் மாற்றாமல் விடுவான், அதுவும் பரவாயில்லை. தப்பைப் பொருளே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பது மரியா மாண்டிசோரி தன் கற்பித்தல் கருவிகளில் விடாமல் வைத்திருந்த விதி. 1907இல் ரோம் நகரில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் ஆசிரியரின் வாயைவிடப் பொருட்கள்தான் அதிகம் பேசின. நம் பக்கங்களையும் அப்படியே செய்ய முடியும்: நிழலில் சரியாக உட்காரும் உருவம், சரியாகச் சேர்த்தால் மட்டும் முழுதாகத் தெரியும் புகைப்படத் துண்டுகள், இப்படி.

இன்னொன்று, வேலை முடிந்ததும் துண்டுகள் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு சின்ன உறையையோ, ஒரு வெல்க்ரோ பட்டையையோ ஒட்டிவிடுங்கள். காரைத் திரும்ப வரிசையாக நிறுத்துவதையும் விளையாட்டின் பகுதியாகவே காட்டுங்கள், தரையில் சிதறுவது தானாகக் குறையும்.

கேள்வி: லேமினேஷன் மெஷின் கட்டாயம் வேண்டுமா? வெல்க்ரோவைப் பிரிக்கும்போது தாளும் சேர்ந்து கிழிந்து வருகிறது. (இரண்டு பெண் குழந்தைகளின் அப்பா)

பதில்: கட்டாயம் இல்லை சார். எழுதி அழிக்கும் பக்கங்களுக்கு ஷீட் ப்ரொடெக்டர் எனப்படும் கண்ணாடித்தாள் உறையே போதும், உள்ளே இருக்கும் தாளை அடிக்கடி மாற்றலாம் என்பது கூடுதல் வசதி. பிரித்து ஒட்டும் துண்டுகளுக்குத்தான் லேமினேஷன் தேவைப்படும். மெஷின் இல்லையென்றால் தடித்த அட்டையில் படத்தை ஒட்டி, இரண்டு பக்கமும் அகலமான தெளிந்த டேப்பால் மூடிவிடுங்கள், நன்றாகவே உழைக்கும். வெளியே கொடுத்துச் செய்வதாக இருந்தால் 125 மைக்ரான் ஷீட் கேளுங்கள். 80 மைக்ரான் மெல்லியது, பக்கங்களுக்குச் சரி, ஆனால் பிள்ளைகள் கையில் படும் துண்டுகள் சீக்கிரம் மடங்கிவிடும்.

துண்டுகளை முதலில் வெட்டி, இடைவெளி விட்டு ஷீட்டுக்குள் பரப்பி, லேமினேஷன் ஆனபின் மறுபடி வெட்ட வேண்டும். அப்போது படத்தைச் சுற்றி 3 மில்லிமீட்டராவது வெறும் பிளாஸ்டிக் ஓரம் இருக்கட்டும். படத்தை ஒட்டியே வெட்டினால் ஓரம் பிரிந்து, உள்ளே எச்சிலும் தண்ணீரும் போய்த் தாள் உப்பிவிடும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், லேமினேஷன் செய்த கூர்முனை கையைக் கிழிக்கும். ஃபைலில் கோக்கும் பக்கம் என்றால் இடது ஓரத்தில் 2 சென்டிமீட்டர் காலியாக விட்டுப் படம் வரையுங்கள், இல்லையென்றால் பஞ்ச் போடும்போது பாதிப் படத்தில் ஓட்டை விழும். வளையம் D வடிவில் இருக்கும் ஃபைல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், தடிமனான பக்கங்கள் அதில்தான் ஒழுங்காகப் படிந்து உட்காரும்.

வெல்க்ரோ கிழிப்பதற்கு வருகிறேன். பசையுள்ள வெல்க்ரோவை வெறும் தாளில் ஒட்டவே கூடாது, லேமினேஷனுக்கு மேல்தான் ஒட்ட வேண்டும். ஒட்டி நன்றாக அழுத்திவிட்டு ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள், பசை முழுப் பிடிப்புக்கு வர 24 மணி நேரம் ஆகும். நாம் அவசரப்பட்டு அன்றைக்கே கையில் கொடுத்துவிடுகிறோம், அது பொட்டோடு பிய்ந்து வருகிறது. அப்புறம், பொட்டு சின்னதாக இருக்கட்டும். குழந்தை விரலுக்கு முழுப் பொட்டின் பிடி அதிகம், பாதியாக வெட்டி ஒட்டினாலே துண்டு நிற்கும். மெத்தென்ற பக்கம் எப்போதும் தாளில், சொரசொர பக்கம் எப்போதும் துண்டில். இதை முதல் பக்கத்திலிருந்தே கடைப்பிடித்தால் எந்தத் துண்டும் எந்தப் பக்கத்திலும் ஒட்டும், ஃபைலை மூடும்போது எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளவும் செய்யாது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் தன் உடையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்ட முள்காய்களைப் பார்த்துத்தான் வெல்க்ரோவை உருவாக்கினார். அந்தக் காயின் கொக்கியைப் போலத்தான் சொரசொர பக்கமும் தலைமுடி, நூல், தூசி எல்லாவற்றையும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். பிடிப்பு குறைந்தால் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், புதிது வாங்க வேண்டாம்.

கேள்வி: பெரியவளுக்கு நான்கு வயது, சின்னவனுக்குப் பதினொரு மாதம். பட்டன், பாசிமணி எல்லாம் வைத்துச் செய்யலாமா, அக்கா?

பதில்: இப்போது வேண்டாம். பெரியவளுக்கென்று செய்தாலும் தரையில் விழுவதை எடுத்து வாயில் போடப் போவது சின்னவன்தான். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள், அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. வீட்டில் அதைவிடப் பாதுகாப்பாக, டாய்லெட் பேப்பர் சுருளின் உள்ளட்டைக்குள் நுழையும் எதையும் ஒதுக்கிவிடுங்கள், லேமினேஷன் செய்த சின்னத் துண்டும் அதில் சேர்த்தி. காந்தம் அறவே கூடாது. இரண்டு சின்னக் காந்தங்களை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகள் நடுவில் சிக்கி, ஓட்டை விழும் அளவுக்குப் போகும். ஒன்றையாவது விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சின்னவன் வளரும்வரை பெரியவளின் ஃபைல் மேசை மேல் திறக்கட்டும், மேசை மேலேயே மூடட்டும். வெல்க்ரோ பொட்டுகள் கழன்று தொங்குகின்றனவா என்று அவ்வப்போது இழுத்தும் பாருங்கள்.

கேள்வி: என் பேத்திக்கு நான்கு வயது. 247 தமிழ் எழுத்துக்கும் பக்கம் செய்து தரலாம் என்று அட்டையெல்லாம் வாங்கிவிட்டேன். அ, ஆவிலிருந்து தொடங்குவதுதானே முறை? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, உங்கள் உற்சாகத்தைப் பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அட்டைகளில் பெரும்பகுதியை எடுத்து வைத்துவிடுங்கள், முதலில் ஐந்தாறு எழுத்து போதும்.

சொல்லிப் பழக அ, ஆ வரிசை சரி. கையால் எழுதிப் பழக அது கடினமான இடம். 'அ'வில் சுழி, வளைவு, கோடு மூன்றும் உண்டு. 'இ' இன்னும் மோசம். பெரும்பாலான பிள்ளைகள் வட்டத்தைப் பார்த்து வரைவதே மூன்று வயதையொட்டித்தான், கூட்டல் குறி நான்கையொட்டி, சதுரம் அதற்கும் பிறகு. அதனால் நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள்: ட, ப, பிறகு ய, ம. 'ட' எழுதக் கீழே இறங்கி வலப்பக்கம் திரும்பினால் போதும். இவற்றோடு பேத்தியின் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துவிடுங்கள், அது எவ்வளவு வளைந்திருந்தாலும் சரி. தன் எழுத்து என்றால் பிள்ளைகளுக்கு ஒரு தனி உரிமை.

பென்சிலுக்கு முன்னால் விரல். மெல்லிய உப்புத்தாளில் எழுத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் பொட்டு, போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து அதன்மேல் போகட்டும், போகும்போதே அந்த ஒலியை வாயால் சொல்லட்டும். கண், காது, விரல் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் எழுத்து மனதில் நன்றாகப் பதியும். சில நாள் கழித்து அதே எழுத்தைக் கண்ணாடித்தாள் உறைக்குள் வைத்து, அழிக்கும் மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள். மார்க்கர் கறை காய்ந்து அழியாமல் போனால் அதன்மேலேயே மறுபடி மார்க்கரால் தடவி உடனே துடைத்தால் போய்விடும்.

படம் சேர்க்கும்போது ஒரு கவனம் வேண்டும், இதில் நிறைய அச்சுப் புத்தகங்களே சறுக்குகின்றன. 'ப' பக்கத்தில் பந்து, படகு, பல் வரட்டும். பூவும் பெட்டியும் வேண்டாம். நமக்கு அவையெல்லாம் பகர வரிசை, குழந்தையின் காதுக்குப் 'பூ' வேறு, 'ப' வேறு. அதேபோல 'ப'வையும் 'ம'வையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள், ன-ண, ர-ற இரட்டைகளையும் இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். ஒன்று நன்றாக ஊறிய பிறகு மற்றது வந்தால் குழப்பம் இல்லை.

கேள்வி: மகள் இருபது வரை கடகடவென்று சொல்கிறாள். மூன்று பென்சில் எடுத்துக்கொண்டு வா என்றால் கைநிறைய அள்ளிக்கொண்டு வருகிறாள். எண் பக்கங்கள் எல்லாம் வீண்தானா?

பதில்: வீணில்லை, அவள் வரிசையைப் பாட்டாகக் கற்றிருக்கிறாள், அளவை இன்னும் கற்கவில்லை. அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் இந்த வழியாகத்தான் வருவார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம், இந்த இரண்டும் தனித்தனியாக விளங்க வேண்டும். ஒரு பக்கத்தில் வரிசையாக மூன்று கூடு வரைந்து, மூன்று பறவைத் துண்டுகளைக் கையில் கொடுங்கள். கூட்டுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே எண்ணட்டும். முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். "மூன்று" என்றால் விளங்கிவிட்டது, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் இன்னும் கொஞ்ச நாள் இதே பக்கம்தான். ஐந்தைத் தாண்ட அவசரமே வேண்டாம். துணி மாட்டும் கிளிப்பும் நல்லது: அட்டையில் எத்தனை புள்ளியோ அத்தனை கிளிப்பை ஓரத்தில் மாட்ட வேண்டும், விரல் பலமும் கூடவே வரும்.

கேள்வி: தினமும் எவ்வளவு நேரம் உட்கார வைக்க வேண்டும்?

பதில்: உட்கார வைக்க வேண்டாம். கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், அவர்களாக எடுக்கும்போது எடுக்கட்டும். ஒரு பக்கத்தோடு எழுந்து போனாலும் விட்டுவிடுங்கள். இந்த ஃபைலை வைத்து ஓடியாடும் நேரத்தையோ மண்ணில் விளையாடும் நேரத்தையோ குறைக்காதீர்கள்.

கேள்வி: எல்லாப் பக்கமும் பழகிவிட்டது, இப்போது தொடுவதே இல்லை. புதிதாகச் செய்ய எனக்கு நேரமும் இல்லை.

பதில்: புதிதாக எதுவும் செய்ய வேண்டாம், இருப்பதையே ஒரு படி ஏற்றுங்கள். நிறம் பிரித்த அதே கார்களைச் சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று ஒரு பட்டையில் ஒட்டி "அடுத்து எது?" என்று கேட்டால் அது வேறு விளையாட்டு. அது எளிதானதும் சிவப்பு, நீலம், நீலம் என்று மாற்றுங்கள். இரண்டு துண்டாக இருந்த புகைப்படத்தின் இன்னொரு பிரதியை நான்காக, பிறகு ஆறாக வெட்டலாம். சலித்த பக்கங்களைக் கழற்றி இரண்டு மூன்று வாரம் கண்ணில் படாமல் வைத்துவிட்டுத் திரும்பக் கோத்தால் பாதிக்குமேல் மறுபடி ஓடும், வளைய ஃபைல் வாங்கச் சொல்வதே இதற்காகத்தான். அதற்குப் பிறகும் திரும்பிப் பார்க்காத பக்கம் என்றால் பிள்ளை அதைத் தாண்டிவிட்டாள் என்று அர்த்தம். துடைத்து, வெல்க்ரோ பொட்டுகளைச் சரிபார்த்து, மூன்று வயது நிறைந்த வேறொரு குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள்.